ஆட்டத்துக்கு முன் மூன்று வரி

போனில் ஆட்டத்தைத் திறப்பதற்கு முன் மூன்று வரி எழுது என்று யாராவது ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் 68,412 ரூபாயும் பதினான்கு மாத ராத்திரிகளும் மிஞ்சியிருக்கும். சொல்ல ஆளில்லை. இருந்திருந்தாலும் நான் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டேன். முப்பத்து நான்கு வயதுப் பெண், அதுவும் நாலு கடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவள், நடுச்சாமத்தில் போனில் துப்பாக்கிச் சண்டை ஆடிக் காசைத் தொலைக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அந்த வெட்கத்தோடு இப்போதும் எங்கோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

2022 ஆடியில் என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அப்பச்சிக்கு, பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. ஆத்தா இல்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, காரைக்குடி பக்கத்தில் எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீடு ஊரில் பெரிய வீடுகளில் சேர்த்தி இல்லை. ஆனாலும் முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில். பதினோரு அறையில் ஒன்பது பூட்டிக் கிடக்கும். பகலில் உதவிக்கு வரும் அம்மா சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விட்டால் அப்புறம் அப்பச்சியும் நானும்தான். காரைக்குடியில் சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பதில் மாதம் பதினெட்டாயிரம் வந்தது.

எட்டரைக்கு மாத்திரை, ஒன்பது மணிக்கு ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை. ஒன்பதரைக்கு அவர் தூங்கியதும் வளவில், அதாவது நடு முற்றத்துக் கூடத்தில், ஆத்தங்குடிக் கல் தரையில் முதுகு பதியப் படுத்துக்கொண்டு போனைத் திறப்பேன். நூறு பேர் ஒரு தீவில் இறங்கிக் கடைசி ஆள் நிற்கும்வரை சுட்டுக்கொள்ளும் ஆட்டம். பெயர் வேண்டாம், அந்த மாதிரி நிறைய இருக்கின்றன. முதலில் ஒரு மணி நேரம். அதில் முகம் தெரியாத மூன்று பேர் என்னோடு சேர்ந்து ஓடினார்கள், நான் விழுந்தால் வந்து தூக்கிவிட்டார்கள். அன்றைக்கெல்லாம் நான் ஒருவரைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். என்னைத் தூக்க ஆள் வந்தது அங்கேதான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏன் போனேன் என்பது விளங்காது.

ஆட்டம் இலவசம். காசு போனது பெட்டிகளில். காசு கட்டினால் ஒரு பெட்டி திறக்கும், உள்ளே துப்பாக்கிக்கு வண்ணமோ சட்டையோ வரும், எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வேண்டியது எப்போது விழும் என்று தெரியாததால்தான் அடுத்ததில் விழும் என்று கை போகிறது. குலுக்குச் சீட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. முதல்முறை 89 ரூபாய். தேங்காயெண்ணெய் விலைகூட இல்லையே என்று நினைத்தேன். யுபிஐயில் நாலு இலக்கம் அழுத்தினால் முடிந்தது. கைக்கு நோட்டு வரவில்லை, கையை விட்டு நோட்டுப் போகவும் இல்லை. 2023 செப்டம்பரில் ஒரு கடையின் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள் போடாமல் விட்டேன். முந்தின ராத்திரி மூன்றரை வரை ஆடிவிட்டுப் பகலெல்லாம் மந்தமாக இருந்தேன், மறந்தே போனது. ஒன்பது நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டுத்தான் நினைவு வந்தது. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், 450 ரூபாய் என் கையிலிருந்து போட்டேன். காசு பெரிதில்லை. “நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி ஆச்சி” என்று அவர் சொன்னது நெஞ்சில் தைத்தது. (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.) அடுத்த மாதம் கணக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் நான் டைரி எழுதாமல் இல்லை. அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். டைரி எழுதினால் மனம் தெளியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்படி எழுதினால் தெளியும் என்று சொல்வதில்லை. நான் எழுதிய முதல் மூன்று டைரிகளும் என்னைக் கீழேதான் இழுத்தன.

முதல் நோட்டு 2023 பொங்கலுக்கு வாங்கியது. என்ன ஆடினேன், எத்தனை பேரைச் சுட்டேன், எத்தனையாவது இடம் என்று எழுதினேன். ஒரே வாரத்தில் அது மதிப்பெண் புத்தகமாகிவிட்டது. நேற்றைவிடக் குறைந்த எண்ணைப் பார்த்தால் மறுபடி ஆடத் தோன்றியது. ஆட்டமே எண்ணி வைத்திருப்பதை நீங்கள் மறுபடி எண்ண வேண்டாம். இரண்டாவதைப் போனிலேயே எழுதினேன். எழுதப் போனைக் கையில் எடுப்பேன், மேலே “இன்றைய பரிசு காத்திருக்கிறது” என்று வந்து நிற்கும், அவ்வளவுதான். அதனால் காகிதம், பேனா, போன் வேறு அறையில். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மூன்றாவதுதான் மோசம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆடி முடித்துவிட்டு உட்கார்ந்து என்னை நானே திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினேன். “வெட்கம் கெட்டவள். அப்பச்சி அங்கே கிடக்க இங்கே என்ன செய்கிறாய்.” எழுதி முடித்ததும் ஏதோ தண்டனை அனுபவித்து முடித்த மாதிரி ஒரு லேசு வரும். அந்த லேசில் மறுநாள் மறுபடி ஆடலாம். நான்கு மாதம் இப்படியே ஓடியது. எழுத்து மன்னிப்புச் சீட்டாகிவிட்டது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. போதாக்குறைக்கு ஒரு விசேஷத்துக்கு வந்திருந்த பெரியாத்தா மேசைமேல் கிடந்ததை எடுத்துப் படித்துவிட்டு, “என்னத்தா இது, பேயடிச்சவ மாதிரி எழுதி வச்சிருக்கே” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நோட்டைப் பூட்டி வையுங்கள். வேறு ஒருவர் படிப்பார் என்ற பயம் வந்துவிட்டால் அதன்பின் எழுதுவது பாதி பொய்யாகத்தான் இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தை உறுத்தியதைப் பற்றி எழுதச் சொன்னார். டைரி எழுதச் சொல்கிற பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். அவரே பிற்பாடு அந்த எழுத்துகளில் இருந்த சொற்களை எண்ணிப் பார்த்தபோது, நாளாக ஆக “ஏனென்றால்”, “புரிந்தது” என்கிற வகைச் சொற்கள் கூடிக்கொண்டே வந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம் இருந்தது. இதைப் படித்துவிட்டு என் மூன்றாவது நோட்டை எடுத்துத் தேடினேன். அறுபது பக்கத்தில் “ஏனென்றால்” ஒரு இடத்தில்கூட இல்லை. “வெட்கம்” இருபது தடவைக்கு மேல் இருந்தது.

வழி காட்டியது எங்கள் வீட்டிலேயே இருந்தது. அந்த வருஷ சரஸ்வதி பூசைக்கு, வழக்கம்போல ஐயாவின், அதாவது அப்பச்சியுடைய அப்பாவின், பெட்டகத்திலிருந்து பழைய பேரேட்டை எடுத்துத் துடைத்துப் பூசையில் வைத்தேன். மறுநாள் எடுத்து உள்ளே வைப்பதற்கு முன் சும்மா புரட்டினேன். ஐயாவின் அப்பச்சி ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் பார்த்தவர், 1942இல் ஜப்பான் படை வந்தபோது போட்டது போட்டபடி விட்டு ஊர் திரும்பியவர். அந்த நஷ்டத்தில் அவர் மீளவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். பேரேட்டில் என்ன இருந்தது தெரியுமா? மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், தேதி. கீழே ஆள் பெயர், தொகை, எதற்காக. எதிரே “வராக்கடன்” என்று ஒரு சொல். பக்கம் முழுக்க அப்படியே, கோடு போட்ட மாதிரி நேரான கையெழுத்து. ஒரு புலம்பல் இல்லை, ஒரு வசவு இல்லை. அவருக்கு அழுகை வராமலா இருந்திருக்கும்? அதைக் கணக்கில் எழுதவில்லை. எது போனது, எப்போது போனது, யாரிடம் போனது என்று மட்டும் எழுதினார். பத்து வருஷம் ஊரார் கணக்கை எழுதிய எனக்கு என் கணக்கை இப்படி எழுதத் தோன்றவில்லை.

அன்றைக்கே காரைக்குடிக்குப் போய்ச் செக்காலை ரோட்டில் 60 ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் போன காசை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். மனக்கணக்கில் பதினைந்தாயிரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் பகுதிக்குள் பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, அதில் வாங்கியது எல்லாம் தேதிவாரியாக வரும். ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதிக் கூட்ட எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. 61,026. கால்குலேட்டரில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். ஆட்டத்துக்குள் என் பெயருக்குக் கீழே 1,100 மணி நேரம் என்று காட்டியது. கை நடுங்கியது நினைவிருக்கிறது. எதிரே “வராக்கடன்” என்று எழுதினேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். கூட்டிப் பார்க்காமல் வேறு எதை எழுதினாலும் அது பூசி மெழுகுவதாகத்தான் இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து ஒரே விதி. ஆடலாம், தடையில்லை. ஆனால் ஆட்டத்தைத் திறப்பதற்கு முன் மூன்று வரி எழுத வேண்டும். மணி என்ன, கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, உடம்பு எப்படி இருக்கிறது. முடித்தபின் ஒரு வரி, மணியும் கட்டிய காசும். திட்டுவதற்கு இடமில்லை. “ஒன்பது நாற்பது. அப்பச்சி மருந்தைத் துப்பிவிட்டார், சேலை மாற்றினேன். இடுப்பு வலி.” இவ்வளவுதான். முன்னால் எழுதுவதுதான் முக்கியம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ஆடி முடித்தபின் எழுதினால் ஆட்டத்தின் சூடும் குற்ற உணர்வும்தான் காகிதத்தில் இறங்கும், எது உங்களை அங்கே தள்ளியது என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும். தினமும் திரும்பிப் படிக்கவும் இல்லை. படித்தால் அரைத்த மாவையே அரைக்கத் தோன்றும்.

நவம்பர் கடைசியில் அதுவரை எழுதியதையெல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தேன். கணக்குப் பார்க்கிற கண்ணுக்கு அது உடனே தெரிந்தது. அதிக நேரம் ஆடிய நாட்களில் மேலே அசதி, இடுப்பு வலி, தூக்கமில்லை என்று இருந்தது. காசு கட்டிய நாட்கள் வேறு. ஆறு நாளில் 7,386 ரூபாய். அந்த ஆறில் நான்கு ஞாயிறு. நான்கு ஞாயிற்றுக்கும் மேலே ஒரே வரி: “தம்பி பேசினான்.” அந்த வருஷம் தீபாவளியும் ஞாயிற்றுக்கிழமைதான், அன்றைக்குத்தான் பெரிய தொகை, 1,799. அன்று மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தேன். “அப்பச்சி எப்படி இருக்காக, சாப்பிட்டாகளா, பிசியோ வந்தாரா என்று கேட்டான். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.”

அசதியில் நேரம் போயிருக்கிறது, கோபத்தில் காசு போயிருக்கிறது. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துப் பதினான்கு மாதம் என்னை அடித்துக்கொண்டிருந்தேன். தம்பிமேல் எனக்குக் கோபம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மாதாமாதம் பணம் அனுப்புகிறான், நல்ல பிள்ளை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெகுநேரம் அழுதேன்.

அதன்பின் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளம் வரும் வங்கிக் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வைக்காத வேறொரு கணக்கை இணைத்தேன். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்தேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறும் இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கு முதலிடம், கெடுதல் வந்தபின்னும் தொடர்வது, பொதுவாக இது ஒரு வருஷம் நீடிப்பது என்று அதில் படித்தபோது எனக்கு எல்லாமே பொருந்துகிற மாதிரி இருந்தது. பயந்துபோய் 14416க்குக் கூப்பிட்டேன். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். எடுத்தவர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், “வீட்டில் உங்களுக்கு உதவிக்கு யார் இருக்காங்க?” என்று கேட்டார். எழுத எழுத மனம் இன்னும் கனக்கிறது, தூக்கம் போகிறது, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று வந்தால் நோட்டை மூடிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் நோட்டு போதாது.

துப்பாக்கி ஆட்டத்தை அழித்துவிட்டேன். ஆனால் ஆடுவதை விடவில்லை, விட வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஸ்டார்டியூ வேலி என்று ஒரு விவசாய ஆட்டம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, எழுத்து எல்லாம் தானே செய்து 2016இல் வெளியிட்டது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் சரி, உள்ளே பெட்டியும் இல்லை, நிஜக் காசு கேட்கும் கடையும் இல்லை. அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். ஆட்டத்தில் வரும் நம் ஆள் படுக்கையில் போய்ப் படுத்தால் அன்றைய நாள் முடிந்து பதிவாகும். நோட்டோடு சேர்த்து ஆட இது எனக்கு மிகவும் தோதாக இருந்தது. மூன்று நாள் ஆடு, படு, எழுது. முடிவே இல்லாத ஆட்டத்தில் பேனா எடுக்க இடைவெளி கிடைக்காது. எந்த ஆட்டமானாலும் எங்கே நிறுத்தலாம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது தொடங்கும்போதே, செத்துப்போன ஐயா பேரன் பேத்திக்கு ஒரு பாழடைந்த நிலத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். வாழ்க்கையின் பாரம் தாங்காமல் போகும்போது பிரித்துப் படி என்று ஒரு கடிதமும். பூட்டிய ஒன்பது அறைக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டு மாதம் ஆடினேன். ஊரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை பரிசு கொடுக்கலாம். யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து எல்லாருக்கும் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதும்போதுதான் கவனித்தேன். ஆட்டத்தில் இரண்டாவது வருஷம் நடக்கிறது. ஊர் முழுக்க என் சிநேகிதம். நான் இருப்பது மட்டும் இன்னும் அதே ஒற்றை அறைக் குடிசை. 10,000 ஆட்டக் காசும் 450 மரக்கட்டையும் கொடுத்தால் தச்சுவேலைக்காரர் சமையலறையோடு பெரிதாக்கித் தருவார். என்னிடம் 23,000 இருந்தது. எனக்கென்று செலவழிக்கத் தோன்றவே இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றேன். நான் வந்த நாளிலிருந்து அப்பச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாயில்தான் படுக்கிறேன். பத்து வயது வரை நான் படுத்த அறையின் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அதைத் திறந்து வெள்ளையடிக்கச் சொன்னேன். இப்போது அங்கேதான் படுக்கிறேன், அப்பச்சி கட்டிலில் ஒரு அழைப்பு மணி கட்டியிருக்கிறது.

தம்பியிடம் பேச எனக்கு இன்னும் மூன்று மாதம் ஆனது. நோட்டைக் காட்டவில்லை. “நீ எனக்கு ஒரு மாசம் வந்து நிக்கணும்” என்று மட்டும் சொன்னேன். முதலில் லீவு கிடைக்காது என்றான். அப்புறம் எங்கள் நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்கு மூன்று வார லீவில் வந்தான். நோன்பு முடிந்து இழை எடுத்த மறுநாள் அவனிடம் மாத்திரை அட்டவணையைக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது.

“ஆச்சி, அப்பச்சி இப்பத்தான் தூங்குனாக. வீடு ஒரே நிசப்தமா இருக்கு. நீ ஆடுவியே, அந்த விவசாய கேம் பேரு என்ன?”

பேரை அனுப்பினேன். கூடவே செக்காலை ரோட்டுக் கடைக்கு எப்படிப் போக வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினேன்.